எதிர்த்தரப்பு மூன்று பெயர் கொடுத்திருக்கிறது: ஆர்பிட்ரேட்டராக (நடுவராக) யாரை ஒத்துக்கொள்வது?

கொங்கு_காண்ட்ராக்டர்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சின்ன அளவில் சிவில் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு கல்லூரி விடுதிக் கட்டடத்தில் மெயின் காண்ட்ராக்டரிடம் சப் காண்ட்ராக்ட் எடுத்தேன். அஸ்திவாரம், நிலத்தடித் தொட்டி, மூன்று மாடி ஸ்ட்ரக்சர். வேலை முடித்து ஒப்படைத்தாகிவிட்டது. வர வேண்டியது 80 லட்சம்.

இதில் பெரிய பங்கு பாறை உடைத்த கணக்கு. இரண்டு மீட்டருக்குக் கீழே முழுக்கப் பாறைங்க. பக்கத்தில் வீடுகள் இருந்ததால் வெடி வைக்க அனுமதி கிடைக்கவில்லை, பிரேக்கர் வண்டி வைத்துத்தான் உடைத்தோம். நாங்கள் ஹார்ட் ராக் ரேட் கேட்கிறோம். அவர்கள் "அது சிதைந்த பாறை, சாஃப்ட் ராக் ரேட்தான்" என்கிறார்கள். மிச்சம் ரிடென்ஷன் பணமும் (பில்லில் பிடித்து வைத்தது) கடைசி ஆர்.ஏ. பில்லும் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்). பதிலுக்கு, வேலை தாமதம், எல்.டி. (தாமதத்துக்கான இழப்பீடு) பிடிக்கிறோம் என்று 50 லட்சம் கேட்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் "கம்பெனியின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒற்றை நடுவர்" என்று இருக்கிறது. நாங்கள் வக்கீல் நோட்டீஸ் விட்டோம். இப்போது மூன்று பேர் பட்டியல் அனுப்பி, "இதில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்" என்கிறார்கள். முதலாமவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. இரண்டாமவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். மூன்றாமவர் சென்னையில் ஒரு மூத்த வக்கீல். எனக்கு இன்ஜினியர் என்றால் பாறை புரியும் என்று ஒரு நினைப்பு. யாரை எடுக்கலாம்?

லாரி_செட்டு

அண்ணே, ஒருத்தரையும் எடுக்காதீங்க. அவங்க நீட்டுற பட்டியல்ல இருக்கிறவர் உங்களுக்கு எப்படி நியாயம் சொல்வார்? என் வண்டிக் கடன்ல பார்த்தேன். மூணு டியூ நின்னுச்சு. ஃபைனான்ஸ் கம்பெனியே ஒரு நடுவரைப் போட்டுக்கிச்சு. சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்துச்சு, அடுத்து வந்தது அவார்டு, அதான் நடுவர் தீர்ப்பு. வண்டி போச்சு. மாப்பிள்ளை வீட்டார் காசுல வந்த தரகர்கிட்ட மாப்பிள்ளை குணம் கேட்ட கதைதான்.

வைகை_வக்கீல்

லாரி_செட்டு சொன்னது மாதிரியான அவார்டுகளை நீதிமன்றங்கள் இப்போது நிறையவே ரத்து செய்கின்றன. வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் தனியாளாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பர் 8-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும், ரயில்வே மின்மயமாக்கல் வழக்கில், ஒரு தரப்பு தன் பட்டியலை வைத்துக்கொண்டு "இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்" என்று எதிராளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அது அரசு நிறுவனங்களை வைத்துப் பேசிய தீர்ப்பு. ஆனால் கொங்கு சாருடைய ஷரத்துக்கு பெர்கின்ஸே போதும். எம்.டி. நியமிப்பது என்பது இனி எடுபடாது.

அதற்காகப் பட்டியலைக் குப்பையில் போடச் சொல்லமாட்டேன். கட்டாயம் இல்லை என்று தெரிந்துகொண்டு நாமாகச் சம்மதித்தால் அது செல்லும். அதில் ஒருவர் நல்லவராகவும் இருக்கலாம். ஒத்துவராவிட்டால், நீங்கள் பெயர் கேட்டு நோட்டீஸ் கொடுத்து 30 நாள் ஆன பிறகு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 11-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றமே ஒருவரைப் போடும். ஆனால் யார் வருவார் என்பது அதற்குப் பிறகு உங்கள் கையில் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதியோ வக்கீலோ வருவதுதான் அங்கே வழக்கம்.

முதலில் ஒரு கேள்வி: அந்தத் தலைமைப் பொறியாளர் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்?

கொங்கு_காண்ட்ராக்டர்

விசாரித்தேன் மேடம். கன்சல்டன்டாக இருக்கிறார். இதே கம்பெனியின் வேறு ஒரு புராஜெக்டுக்கு டிசைன் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறாராம். "அது முடிந்துபோன வேலை" என்கிறார்கள்.

வைகை_வக்கீல்

முடிந்திருந்தாலும் ஆகாது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதல் வரியே அதுதான்: ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், அல்லது முன்போ இப்போதோ தொழில் தொடர்பு உள்ளவர். பிரிவு 12(5)-ன்படி அவருக்குத் தகுதியே கிடையாது. தகராறு வந்த பிறகு இரண்டு தரப்பும் எழுத்தில், வெளிப்படையாக "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கொடுத்தால்தான் அந்தத் தடை விலகும். அப்படி ஒரு தாளை யார் நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விசாரணைக்குப் போய் உட்கார்ந்ததை வைத்து மட்டும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று 2019-ல் பாரத் பிராட்பேண்ட் வழக்கில் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் கதை வேறு.

லெவல்_ஸ்டாஃப்

நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். அந்தப் பொறியாளர் வேண்டாம் என்பதில் மேடத்தோடு உடன்படுகிறேன். ஆனால் பொறியாளரே வேண்டாம் என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள் தம்பி.

உங்கள் வழக்கில் பாறை இப்போது எங்கே இருக்கிறது? உடைத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. குழிக்கு மேல் விடுதி நிற்கிறது. ஆகவே யாரும் போய்ப் பார்த்து "இது ஹார்ட் ராக்" என்று சொல்ல முடியாது. எல்லாம் காகிதத்தில் இருந்துதான் வர வேண்டும். தோண்டும் முன் எடுத்த லெவல் (நில மட்ட அளவு), மண் எடுத்து முடித்துப் பாறை தொடங்கிய இடத்து லெவல், கடைசி லெவல். எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) யார் கையெழுத்து. பிரேக்கர் வண்டி ஓடிய மணிக்கணக்கு, டீசல் பில், உளி மாற்றிய பில். ஒரு நாளைக்கு ஒரு பிரேக்கர் எத்தனை கன மீட்டர் உடைத்திருக்கிறது என்று பார்த்தாலே பாறையின் தரம் தெரிந்துவிடும். சிதைந்த பாறை என்றால் பொக்லைன் பக்கெட்டுக்கே பெயர்ந்து வரும், பிரேக்கரை ஏன் இத்தனை நாள் வாடகைக்கு வைத்திருப்பார்கள்? இந்தக் கேள்வி ஒரு பொறியாளருக்குத் தானாக வரும். நீதிபதிக்கு நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வைகை_வக்கீல்

எடுத்துக் கொடுப்பதற்குத்தானே சார் வக்கீல் இருக்கிறோம்? தவிர, பிரிவு 26-ன் கீழ் நடுவரே ஒரு நிபுணரை வைத்துக்கொண்டு அறிக்கை வாங்கலாம்.

பொறியாளர்கள் போட்ட அவார்டுகள் எங்கே மாட்டுகின்றன என்று சொல்கிறேன். அளவுக் கணக்கு அருமையாக இருக்கும். ஆனால் "இந்தத் தொகை நியாயமானது எனக் கருதுகிறேன்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பிரிவு 31(3) காரணம் கேட்கிறது. டைனா டெக்னாலஜிஸ், கிராம்ப்டன் கிரீவ்ஸ் வழக்கைப் பாருங்கள். மீன் வளர்ப்புப் பண்ணைக்குக் குட்டையும் வாய்க்காலும் வெட்டிய 1993 ஒப்பந்தம். 1998-ல் அவார்டு வந்தது. அதில் ஒரு கோரிக்கைக்குக் காரணம் சரியாக எழுதப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த அவார்டு குழப்பமாக இருக்கிறது என்றே சொன்னது. 25 வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டதே என்று, 30 லட்சம் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நடுவர் இன்னும் இரண்டு பக்கம் ஒழுங்காக எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நடுவில் வெட்டிக் கொடுக்கிற பழக்கம். "நீ 80 கேட்டாய், அவர் 20 என்றார், 50 வைத்துக்கொள்." பஞ்சாயத்தில் அது சரி. சட்டத்தில் பிரிவு 28(2)-ன்படி இரண்டு தரப்பும் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தால் ஒழிய நடுவர் அப்படிச் செய்யக் கூடாது.

லெவல்_ஸ்டாஃப்

வெட்டிக் கொடுப்பதை நீதிபதிகளும் செய்கிறார்கள் மேடம், அழகான மொழியில் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் காரணம் எழுதுவது பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. இன்னொன்றை நானே சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்கத் துறையில் இருந்த பொறியாளர் என்றால் "எக்ஸ்ட்ரா ஐட்டம்" என்ற சொல்லைக் கேட்டாலே பேனா தானாக வெட்டும். காண்ட்ராக்டர்களுக்கே கிளெய்ம் எழுதிக் கொடுத்துப் பழகியவர் என்றால் எதையும் வெட்டமாட்டார். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவராகத் தேட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை_திருச்சி

யாரும் செலவைப் பேசவில்லையே. சட்டத்தின் நாலாம் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டேன். 20 லட்சத்துக்கு மேல் ஒரு கோடி வரை: 97,500 ரூபாய், அதோடு 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதம். 80 லட்சத்துக்கு 2,77,500. ஒற்றை நடுவர் என்றால் 25 சதவீதம் கூடுதல், ஆக 3,46,875. எதிர்க் கோரிக்கை 50 லட்சத்துக்கு இதே கணக்கில் 2,34,375. கோரிக்கைக்கும் எதிர்க் கோரிக்கைக்கும் கட்டணம் தனித்தனி என்பதை 2022-ல் ஓ.என்.ஜி.சி., ஆஃப்கான்ஸ் குனானுசா வழக்கில் தெளிவாக்கினார்கள். மொத்தம் 5,81,250. மூன்று பேர் கொண்ட தீர்ப்பாயம் என்றால் 13,95,000. பாதிப் பாதி என்றாலும் உங்கள் பங்கு முதலில் 3 லட்சத்துக்கு உள்ளே, இரண்டாவதில் 7 லட்சத்துக்குக் கிட்டே. "ஆளுக்கொருவர், நடுவில் ஒருவர்" என்று யாராவது ஆசை காட்டினால் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

இந்த அட்டவணை தானாகப் பொருந்திவிடாது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஒத்துக்கொள்ளும் கடிதத்திலேயே "கட்டணம் நாலாம் அட்டவணைப்படி" என்று எழுதுங்கள். நடுவர் தன் கட்டணத்தைத் தானே ஒருதலையாக நிர்ணயிக்க முடியாது என்பதும் அதே 2022 தீர்ப்பில் இருக்கிறது. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் ரிவர்ஸ் சார்ஜில் நீங்கள்தான் கட்ட வேண்டும், நடுவர் பில்லில் வராது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

எதிராளி தன் பங்கைக் கட்டாமல் இழுத்தால் அதையும் நீங்கள் கட்டித்தான் வழக்கை நகர்த்த வேண்டிவரும். பிரிவு 38. எதிர்க் கோரிக்கைக்குத் தனி டெபாசிட் கேட்கச் சொல்லி ஆரம்பத்திலேயே நடுவரிடம் மனுக் கொடுங்கள். 50 லட்சம் எல்.டி. என்பது மிரட்டலுக்குச் சொன்னது என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

லாரி_செட்டு

இத்தனை செலவுக்கு சங்கத் தலைவர்கிட்டயே பேசி முடிக்கலாமே? எங்க ஊர்ல லாரி ஓனர் சங்கத்துல அப்படித்தான் முடியுது.

கொங்கு_காண்ட்ராக்டர்

பேசினோம்ங்க. எங்கள் கட்டுநர் சங்கத்தில் ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் உட்கார வைத்துப் பேசினார். 45 லட்சம் வரை வந்தது, எல்.டி.யை விட அவர்கள் தயாரில்லை. முறிந்துவிட்டது. அவரையே ஆர்பிட்ரேட்டராகப் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

வைகை_வக்கீல்

வேண்டாம். சமரசம் பேசியவர் அதே தகராறில் நடுவராக இருக்கக் கூடாது என்று பிரிவு 80 சொல்கிறது, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் தவிர. அவரிடம் நீங்கள் "45-க்கு இறங்குவேன்" என்று சொல்லியாகிவிட்டது. அந்த எண் அவர் மனதில் இருந்து போகாது.

சட்டக்கல்லூரி_மூன்றாமாண்டு

ஒரு சந்தேகம். தப்பானவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு பிரிவு 13-ல் ஆட்சேபித்து மாற்றலாம்தானே? அதற்கு ஏன் இப்போதே இத்தனை மெனக்கெட வேண்டும்?

வைகை_வக்கீல்

தம்பி, அந்த ஆட்சேபணையை விசாரிப்பதே அந்த நடுவர்தான். விஷயம் தெரிந்த 15 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் நிராகரித்தால் வழக்கு அவர் முன்னாலேயே தொடரும். அவார்டு வந்த பிறகு, அவார்டை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு 34 மனுவில்தான் அதைக் கிளப்பலாம். அதுவரை நீங்கள் குறை சொன்னவர் எதிரிலேயே சாட்சி விசாரிக்க வேண்டும், அந்தச் சங்கடம் இருக்கிறதே! ஏழாம் அட்டவணைத் தடை என்றால் மட்டும் பிரிவு 14-ன் கீழ் நேராக நீதிமன்றம் போகலாம்.

34-லும் சாட்சியத்தைத் திரும்ப எடைபோடமாட்டார்கள். "இன்னொரு நடுவர் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பார்" என்பது அங்கே வாதமே இல்லை. அவார்டைத் திருத்தும் அதிகாரம்கூட, 2025 ஏப்ரலில் காயத்ரி பாலசாமி வழக்கில், குறுகிய அளவுக்குத்தான் தந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தச் சட்டத்தில் அப்பீலை நம்புவதைவிட ஆளைப் பார்த்து எடுப்பது முக்கியம் என்கிறேன்.

கொங்கு சார், மிச்சம் இருக்கும் இருவரிடமும் ஆறாம் அட்டவணைப் படிவம் கேளுங்கள். முன் அனுபவம், கையில் இருக்கும் ஆர்பிட்ரேஷன்கள் எத்தனை, இரண்டு தரப்போடும் என்ன தொடர்பு, 12 மாதத்துக்குள் முடிக்க நேரம் இருக்கிறதா, எல்லாம் அதில் எழுத்தில் வர வேண்டும். தனியாகப் போன் போட்டுக் கேட்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் நகல் வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். வழக்கு விவரம் ஒரு வரிகூட வேண்டாம். அப்புறம், இருவர் பெயரையும் இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடும் தளத்தில் போட்டுத் தேடுங்கள். அவர்கள் போட்ட அவார்டு 34-ல் போய் நின்றதா விழுந்ததா, விழுந்தால் எதற்காக என்று தெரியும்.

லெவல்_ஸ்டாஃப்

நேரம் பற்றிய வரியைத்தான் நான் முதலில் படிப்பேன். சிட்டிங் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்து, வக்கீலுக்கு வேறு கோர்ட் என்று ஒரு மாதம் தள்ளி... கோரிக்கை மனு, பதில் எல்லாம் தாக்கலான பிறகு 12 மாதம், சம்மதித்தால் இன்னும் 6 மாதம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் நீதிமன்றத்தில் போய் நீட்டிப்பு வாங்க வேண்டும். பெரிய பெயர் உள்ளவர்களிடம் தேதி கிடைப்பதே பாடு.

கொங்கு_காண்ட்ராக்டர்

படிவம் இரண்டும் வந்துவிட்டது.

சென்னை மூத்த வக்கீல்: கடந்த மூன்று வருஷத்தில் இதே கம்பெனி இரண்டு தகராறுகளில் இவரை நடுவராக நியமித்திருக்கிறது. அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார், அந்த மரியாதை உண்டு.

மாவட்ட நீதிபதி: இரண்டு பக்கமும் தொடர்பு இல்லை. கையில் மூன்றே வழக்கு. அவர் பெயரில் தேடியதில் கட்டடத் தகராறு அவார்டு ஒன்று 34-ல் நின்றிருக்கிறது. படித்துப் பார்த்தேன், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாக, எந்த ஆவணத்தை ஏன் நம்பினார் என்று எழுதியிருக்கிறார். கோவை, ஈரோடு பக்கம் வேலை பார்த்தவர், தமிழில் இருக்கும் ஆவணம் நேராகப் படிப்பார். எங்கள் சைட் ரிஜிஸ்டர், மஸ்டர் ரோல் (ஆள் வருகைப் பதிவு), பிரேக்கர் வண்டிக்காரர் எழுதிய மணிக்கணக்கு நோட்டு எல்லாமே தமிழ்தான்.

வைகை_வக்கீல்

மூன்று வருஷத்தில் ஒரே தரப்பு இரண்டு தடவை நியமித்தது ஐந்தாம் அட்டவணையில் வருகிறது. தானாகத் தகுதி போய்விடாது, ஆனால் நியாயமான சந்தேகத்துக்கு இடம் உண்டு. தெரிந்தும் இப்போது ஒத்துக்கொண்டால் பிறகு அதையே சொல்லி ஆட்சேபிக்க முடியாது. விடுங்கள்.

நீதிபதியை எடுங்கள். தமிழ் படிப்பார் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மணிக்கணக்கு நோட்டை மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பு சரியா தப்பா என்று இரண்டு சிட்டிங் சண்டை போடுவது மிச்சம்.

லெவல்_ஸ்டாஃப்

நான் இன்னமும் ஒரு பொறியாளரைத்தான் எதிர் யோசனையாகச் சொல்லியிருப்பேன். அந்த அவார்டை நீங்கள் படித்துப் பார்த்தீர்கள் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: லெவல் கணக்குக்கு நிபுணர் வைக்கும் ஏற்பாட்டை முதல் சிட்டிங்கிலேயே கேளுங்கள். எல்லாச் சாட்சியும் முடிந்த பிறகு கேட்டால் இழுத்தடிக்கிறீர்கள் என்பார்கள்.

கொங்கு_காண்ட்ராக்டர்

சரிங்க ஐயா. நீதிபதிக்குச் சம்மதம் என்று எழுதினோம். அவர்கள் கூட்டுக் கடிதம் ஒன்று தயார் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வரி உறுத்துகிறது. ஒன்று, "ஆர்பிட்ரேஷன் சீட் சென்னை". எங்கள் ஒப்பந்தத்தில் சீட் எதுவும் எழுதவில்லை. இன்னொன்று, "பிரிவு 12-ன் கீழ் இப்போதும் இனியும் எந்த ஆட்சேபணையும் எழுப்பமாட்டோம்".

வைகை_வக்கீல்

இரண்டாவது வரியை முழுசாக அடியுங்கள். நடுவர் வழக்கு முடியும்வரை புதிதாக எது வந்தாலும் வெளியிட வேண்டியவர். நாளைக்கு அவர் அந்தக் கம்பெனியின் வேறு வழக்கை ஏற்றுக்கொண்டால் நீங்கள் ஏன் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

சீட் கோவை என்று மாற்றுங்கள். சீட் எங்கேயோ, 34 மனுவும் அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். வேலை நடந்தது கோவையில், சாட்சிகள் கோவையில், நடுவரும் பக்கத்தில்தான் இருக்கிறார். அவர்களுக்கு வசதிக்குச் சில சிட்டிங் சென்னையில் வேண்டுமென்றால், அல்லது வீடியோவில் வேண்டுமென்றால், அது கூடும் இடம் மட்டும், சீட் இல்லை என்று தனி வரியாக எழுதிக் கொடுங்கள். கூடவே கணக்குப்பிள்ளை சொன்ன கட்டண வரியையும், மொழி தமிழும் ஆங்கிலமும் என்பதையும் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை_திருச்சி

நடுவரின் செயலாளர் செலவு, அறை வாடகை தனியா உள்ளடக்கமா என்பதையும் அதே வரியில் கேட்டுவிடுங்கள்.

கொங்கு_காண்ட்ராக்டர்

நாலும் சேர்த்துத் திருத்தி அனுப்பியாச்சு. சீட் கோவைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆட்சேபணை வரியை எடுக்க அவர்கள் வக்கீல் திங்கட்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறார். எடுக்காவிட்டால் பிரிவு 11 மனு தயாராக இருக்கிறது. லெவல் ஐயா, எம்-புக்கில் பாறை தொடங்கிய லெவல் பக்கத்தில் அவர்கள் சைட் இன்ஜினியரின் இனிஷியல் இருக்கிறது, முழுக் கையெழுத்து இல்லை. போதுமா?

லெவல்_ஸ்டாஃப்

அதே ஆள் வேறு பக்கங்களில் போட்ட முழுக் கையெழுத்தும் இனிஷியலும் சேர்ந்திருக்கும் ஆர்.ஏ. பில் ஒன்றைத் தேடி எடுங்கள். அந்த பில்லுக்கு அவர்கள் பணம் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.